வேலையை விடாமல் எம்.பி.ஏ.: எனக்கு இருக்கும் நேரத்தில் முடியுமா?

நூல்கண்டு_திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 32 வயது. பி.எஸ்சி. சி.டி.எஃப். (ஆடை வடிவமைப்பு) முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் 9 வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இரண்டு ஐரோப்பிய பையர்களின் ஆர்டர்களை சாம்பிளில் இருந்து ஷிப்மெண்ட் வரை நான்தான் பார்க்கிறேன்.

போன மாதம் எங்கள் மேனேஜர் வேலையை விட்டுப் போனார். அந்த இடம் எனக்குத்தான் என்று ஃபுளோரில் எல்லோரும் சொன்னார்கள். எம்.டி. கூப்பிட்டு, "வேலை உனக்குத் தெரியும்மா, அதுல சந்தேகமே இல்லை. ஆனா அந்தப் பதவிக்கு எம்.பி.ஏ. வேணும்னு வெச்சிருக்கோம்" என்றார். வெளியில் இருந்து ஒருவரை எடுத்தார்கள். அவருக்கு லேப் டிப் (சாயம் போட்ட சாம்பிள் துணி) அப்ரூவல் எப்படி வாங்குவது என்று இந்த வாரம் நான்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் நல்ல மனிதர், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

படித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை. சனிக்கிழமையும் வேலை உண்டு. ஷிப்மெண்ட் வாரத்தில் வீட்டுக்கு வர இரவு 10 ஆகிவிடும். பையன் யு.கே.ஜி. வீட்டுக்காரர் பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். மாமியார் கூட இருக்கிறார். எண்ணிப் பார்த்தால் காலை 5 முதல் 6.30 வரை என் நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாலு மணி நேரம். அவ்வளவுதான்.

இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.பி.ஏ., கோயம்புத்தூரில் வார இறுதி வகுப்பு, இந்த மூன்றையும் விசாரித்தேன். நான்காவதாக ஒன்று. ஒரு கன்சல்டன்சியில் 45,000 ரூபாய் கட்டினால் 11 மாதத்தில் சர்டிஃபிகேட் கையில், பரீட்சைக்கும் போக வேண்டாம் என்கிறார்கள். கூட வேலை செய்யும் பெண் பணம் கட்டிவிட்டாள். எனக்கு மனசு ஒப்பவில்லை, இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று கேட்கிறேன்.

இந்த டிகிரிக்கு மதிப்பு இருக்கிறதா? என் நேரத்தில் இரண்டு வருடத்தில் முடியுமா? எங்கே தடுக்கி விழுவார்கள்?

---

காந்திபுரம்_வாசி:

முதலில் அந்த நான்காவதை விட்டுவிடுங்கள். தொலைநிலை, ஆன்லைன் எம்.பி.ஏ. என்றால் குறைந்தது இரண்டு வருடம். 11 மாதத்தில் கொடுக்கிறார்கள் என்றால் பழைய தேதி போட்டு சேர்க்கை காட்டுகிறார்கள், இல்லையென்றால் அந்தக் காகிதமே பொய். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைப்படி தொலைநிலைப் படிப்பை ஃபிராஞ்சைஸ் எடுத்து நடத்தவே கூடாது. ஒரு பல்கலைக்கழகம் எந்த வருடத்தில் எந்தப் படிப்பைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தலாம் என்ற பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் வருடத்துக்கு எம்.பி.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2024-ல் இருந்து சேருகிறவரே டெப் ஐ.டி. (அந்தப் பிரிவின் தளத்தில் எடுக்கும் எண்) எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் ஏ.பி.சி. ஐ.டி. (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்) வேண்டும். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் தோழியிடமும் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகள் சேர்க்கும்போது சர்டிஃபிகேட்டைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி சரிபார்க்கிறார்கள். அன்றைக்கு 45,000 மட்டும் போகாது, வேலையும் பெயரும் சேர்ந்து போகும்.

---

வார்ப்படம்_சிங்காநல்லூர்:

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். நான் விழுந்து எழுந்தவள்.

நான் கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். 2021 ஜூலையில் இக்னோ எம்.பி.ஏ. சேர்ந்தேன், அப்போது எனக்கு 38 வயது. 2024 டிசம்பரில் கடைசிப் பரீட்சை எழுதினேன். இரண்டு வருடப் படிப்புக்கு மூன்றரை வருடம். அதிகபட்சம் நாலு வருடம் தருகிறார்கள், அதை நான் கிட்டத்தட்ட முழுசாகப் பயன்படுத்திக்கொண்டேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஆரம்பத்திலேயே ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள், நான் போடாமல் சேர்ந்தேன். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று அவர்களே வைத்திருக்கிறார்கள். ஒரு தாளுக்கு 4 கிரெடிட், அதாவது 120 மணி நேரம். முதல் செமஸ்டரில் 7 தாள், 840 மணி நேரம். உங்களுக்கு வாரத்தில் ஆறு நாள் ஒன்றரை மணி வைத்தால் 9, ஞாயிறு 4, மொத்தம் 13. ஆறு மாதத்தில் 26 வாரம் என்றால் 338 மணி நேரம். 840 எங்கே, 338 எங்கே? இதைப் பார்க்காமல் ஏழு தாளுக்கும் பரீட்சைக் கட்டணம் கட்டி, ஏழையும் அரைகுறையாகப் படித்து, முதல் டிசம்பர் பரீட்சைச் சுற்றில் இரண்டே இரண்டு தாள் தேறினேன். அன்று ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதேன்.

அதற்காக பயந்துவிடாதீர்கள். 120 மணி எல்லாத் தாளுக்கும் தேவைப்படாது. மார்க்கெட்டிங், மனிதவளம் இதெல்லாம் 9 வருடம் வேலை பார்த்தவருக்குப் பாதி ஏற்கனவே தெரிந்திருக்கும், எனக்கு 60 மணி நேரத்தில் முடிந்தது. அக்கவுண்டிங்கும் குவாண்டிடேட்டிவ் (கணக்கு, புள்ளியியல்) தாளும்தான் சொன்ன நேரத்தைக் கேட்டு வாங்கும். மொத்தம் ப்ராஜெக்ட் சேர்த்து 28. நாலு வருடத்தில் எட்டு அரையாண்டு. ஒரு அரையாண்டுக்கு மூன்று அல்லது நாலு தாள் என்று வைத்துக்கொண்டால் உங்கள் 13 மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டே போகலாம். பரீட்சை மட்டும் தயாரான தாளுக்கு எழுதினால் போதும், மீதியை அடுத்த ஜூனில், அடுத்த டிசம்பரில் எழுதலாம்.

எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதுதான் இந்தப் படிப்பின் நல்லது. கெட்டதும் அதேதான். வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் கிடையாது. புத்தகக் கட்டு தபாலில் வந்து மூன்று மாதம் பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது எனக்கு. அப்புறம் எங்கள் டெஸ்பாட்சில் ஒரு பெண்ணும் அதே படிப்பில் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஞாயிறு காலை 6 முதல் 9 வரை எங்கள் மொட்டை மாடியில் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். மழை என்றால் படிக்கட்டில். அவள் வருவாள் என்பதற்காகவே நான் எழுந்தேன், அவளும் அதையேதான் சொல்வாள். திருப்பூரில் உங்களுக்கும் இப்படி ஒருத்தர் கட்டாயம் கிடைப்பார். தேடுங்கள்.

நான் விழுந்த இடம் குவாண்டிடேட்டிவ். அதைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தேன், படிக்கும்போது எல்லாம் புரிந்தது. பரீட்சையில் பேனா நகரவில்லை. இரண்டாவது முறை ஒரு 200 பக்க நோட்டு வாங்கி, நாளைக்கு இரண்டு கணக்கு, தப்பானால் மறுநாள் அதே கணக்கு என்று போட்டேன். தேறினேன்.

அசைன்மெண்ட்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70. அசைன்மெண்ட்டைக் கையால்தான் எழுத வேண்டும். நாமெல்லாம் வருடக்கணக்காக கீபோர்டில் தட்டியவர்கள், மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதினால் கட்டைவிரல் மரத்துப் போகும். சில நாள் காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று இரண்டு தாள் வரும். அதனால் அசைன்மெண்ட்டைக் கைக்குப் பயிற்சி என்று நினைத்து நீங்களே எழுதுங்கள். கடையில் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். எங்கள் சமையலறை மேடையில் கோடு போட்ட ஏ4 தாளை வைத்து நான் எழுதுவேன், ஏழாவது படித்த என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பக்க எண் போடுவாள். இப்போதும் அந்த மூலை நம்பர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் காலை நேரம் ஞாபகம் வரும்.

சரி, இதெல்லாம் பட்டு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் வார்ப்பு மணலுக்குப் பெண்டோனைட் களிமண் வாங்குவோம். கிலோ எட்டரை ரூபாய். மூன்று மாதத்துக்கு மொத்தமாக 400 மூட்டை எடுத்தால் கிலோவுக்கு 50 பைசா குறைப்பேன் என்றார் சப்ளையர். ஒரு மூட்டை 50 கிலோ, ஆக 20,000 கிலோவுக்கு 10,000 ரூபாய் லாபம். வருடக்கணக்காக இப்படித்தான் வாங்கினேன், பர்ச்சேஸில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பும் இருந்தது. மெட்டீரியல்ஸ் தாளில் சரக்கை வைத்திருப்பதற்கான செலவு என்று ஒரு பாடம் வந்தது. படித்த மறுநாள் யார்டுக்குப் போய் மூட்டை அடுக்கை முழுசாக இறக்கச் சொன்னேன். ஐப்பசி மழை ஈரம் தரையில் ஏறி, அடி வரிசையில் 38 மூட்டை கல்லாகக் கிடந்தது. கையால் தட்டினால் செங்கல் மாதிரி சத்தம். அது மட்டும் 15,200 ரூபாய். இன்னும், சராசரியாகப் பாதிச் சரக்கு மூன்று மாதமும் கையில் நிற்கிறது என்று 80,000-க்கு எங்கள் ஓ.டி. (பேங்க் ஓவர்டிராஃப்ட்) வட்டி 11 சதவீதத்தில் போட்டால் 2,200. பத்தாயிரம் மிச்சம் பிடிக்க 17,400 விட்டிருக்கிறேன். ஸ்டோர்ஸில் அந்த மூட்டைகளை ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமல் கழித்துக் கட்டியிருக்கிறார்கள், என் காதுக்கே வரவில்லை. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். அன்று முதல் மாதா மாதம் வாங்குகிறோம், அடியில் மரப்பலகை போட்டிருக்கிறோம்.

பதவி உயர்வும் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த யார்டில் நின்ற பத்து நிமிடத்துக்காகவே இன்னொரு தடவை படிக்கச் சொன்னாலும் படிப்பேன்.

பணம் கட்டும் முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். நாலு வருடத்துக்கு ஜூனிலும் டிசம்பரிலும் மூன்று வாரம் நான் கல்யாணம் காட்சிக்கு வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் மாமியாரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், வீட்டுக்காரர் வழியாக வேண்டாம்.

---

ஆளெடுப்பு_ஈரோடு:

ஹெச்.ஆர். பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. யு.ஜி.சி. அங்கீகரித்த தொலைநிலை, ஆன்லைன் டிகிரிகள் நேரடி வகுப்பு டிகிரிக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. சட்டப்படி சிக்கல் இல்லை. ஆனால் ஒரு தனியார் கம்பெனி தன் உள் விதியில் ரெகுலர் எம்.பி.ஏ. என்று எழுதி வைத்திருந்தால் அதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதனால் சேரும் முன்னால் உங்கள் எம்.டி.க்கு ஒரு மெயில் போடுங்கள்: "அங்கீகாரம் பெற்ற தொலைநிலை எம்.பி.ஏ.வை இந்தப் பதவிக்கு ஏற்பீர்களா?" வாய்ப்பேச்சாக வேண்டாம், பதில் எழுத்தில் இருக்கட்டும். அதே மெயிலில் பரீட்சை நாட்களுக்கு லீவும், கட்டணத்தில் ஒரு பங்கும் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், கூச்சம் வேண்டாம்.

நான் ஆள் எடுக்கும்போது டிகிரி எந்த வழியில் வந்தது என்று ஒரு முறை பார்ப்பேன், அவ்வளவுதான். அப்புறம் கேட்பது, "படித்ததில் எதையாவது வேலையில் செய்து பார்த்தீர்களா?" மேலே அக்கா சொன்ன மூட்டைக் கணக்கை ஒருவர் என் முன்னால் சொல்லியிருந்தால் அன்றே எடுத்திருப்பேன்.

---

இரவுப்பணி_சென்னை:

நான் ஆன்லைனில் படிக்கிறேன், மூன்றாவது செமஸ்டர். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். வகுப்பு எல்லாம் ரெக்கார்டிங் கிடைக்கும் என்பது நிஜம். தவறவிட்ட வகுப்புகள் 40 சேர்ந்துவிட்டால் அதைப் பார்த்து முடிக்கவே முடியாது என்பதும் நிஜம். வாரத்துக்கு வாரம் தீர்த்துவிடுங்கள்.

பரீட்சையும் வீட்டில் இருந்தபடி கேமரா முன்னால்தான். எனக்கு இரண்டாவது செமஸ்டரில் நடுவில் கரண்ட் போய் பரீட்சை அறுந்துவிட்டது. மெயில் மேல் மெயில் போட்டேன், மறுபடி எழுத அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. ஆன்லைன் எடுத்தால் இன்வெர்ட்டரும் இரண்டாவது ஒரு சிம்மும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் படித்தாலும் அனுப்பும் ஒவ்வொரு அசைன்மெண்ட் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், ரசீதையும் சேர்த்து. என் நண்பர் ஒருவருக்கு, வேறொரு இடத்தில், கொடுத்த அசைன்மெண்ட் வரவே இல்லை என்றார்கள். போட்டோ இருந்ததால் தப்பித்தார்.

வார இறுதி வகுப்பு பற்றி: சென்னையில் இருந்தால் யோசிக்கலாம். வேலை பார்ப்பவர்களுக்காகத் திருச்சி ஐ.ஐ.எம். இங்கே வகுப்பு நடத்துகிறது. லிபா (லயோலாவின் மேலாண்மைக் கல்வி நிறுவனம்) 1979-ல் தொடங்கியதே மாலை வகுப்பாகத்தான். கூடப் படிப்பவர்கள் வேறு வேறு கம்பெனிக்காரர்கள், அந்தப் பழக்கம் பெரிய சொத்து. ஆனால் செலவு அதிகம். உங்களுக்குத் திருப்பூரில் இருந்து கோயம்புத்தூர் போய் வரும் நேரத்திலேயே ஞாயிறு கரைந்துவிடும். பையன் சின்னவன் வேறு.

---

நூல்கண்டு_திருப்பூர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஒரு ஷிப்மெண்ட் இருந்தது.

எம்.டி.க்கு மெயில் போட்டேன். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் என்றால் எந்த வழியில் படித்தாலும் ஏற்பதாக எழுதியே கொடுத்துவிட்டார். தேறிய செமஸ்டருக்குப் பாதிக் கட்டணமும் தருகிறார்கள். இதை எனக்குக் கேட்கவே தோன்றியிருக்காது, ஈரோட்டு அண்ணாவுக்கு நன்றி. மாமியாரிடம் நானே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பரீட்சை வாரத்துல காலைல டிபன் நான் பாத்துக்கறேன், பையனை நீ ராத்திரி தூங்க வெச்சுட்டாப் போதும்" என்றார். தோழி பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் கொடுக்கவில்லை.

இக்னோ, அரையாண்டுக்கு மூன்று அல்லது நாலு தாள் என்று முடிவு. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதுதான் கொஞ்சம் பயம், பையருக்கு தினமும் மெயில் எழுதுகிறேனே என்று தைரியம் சொல்லிக்கொள்கிறேன்.

சிங்காநல்லூர் அக்கா, ஒரு சந்தேகம். இக்னோவின் இக்ஞான்கோஷ் தளத்தில் பாடங்கள் இலவசமாக இருந்தன, சேரும் முன்னால் பார்ப்போமே என்று ஃபைனான்ஸ் பாடம் ஒன்றை இறக்கினேன். அதில் ஆப்பரேட்டிங் சைக்கிள் என்று இருந்தது, சரக்கு உள்ளே வந்த நாளில் இருந்து பணம் கைக்கு வரும் வரை எத்தனை நாள் என்று. இன்று காலை என் பழைய ஆர்டர் ஒன்றின் டி அண்ட் ஏ சார்ட்டை (எந்த வேலை எந்தத் தேதியில் என்ற அட்டவணை) எடுத்து வைத்துக்கொண்டு நாள் எண்ணினேன். நூல் உள்ளே வந்த நாளில் இருந்து, நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் முடிந்து ஷிப்மெண்ட் போக 68 நாள். அதன்பின் பையர் பணம் அனுப்ப 60 நாள். மொத்தம் 128. நூல்காரருக்கு நாங்கள் 30 நாளில் கொடுத்துவிடுகிறோம். அப்படியானால் நடுவில் 98 நாள் யாருடைய பணத்தில் ஓடுகிறது? ஒன்பது வருடமாக இந்த ஆர்டர்களை நான் நடத்துகிறேன், இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

---

வார்ப்படம்_சிங்காநல்லூர்:

பெரும்பாலும் பேங்க் பணமாகத்தான் இருக்கும், தங்கச்சி. ஷிப்மெண்ட் போகும் வரைக்கும் பேக்கிங் கிரெடிட் என்று பேங்க் தரும் கடன், அதன்பின் பில்லை டிஸ்கவுண்ட் செய்து, அதாவது பையர் பணம் வரும் முன்னாலேயே பேங்கிடம் வட்டி கழித்து, எடுப்பார்கள். நாளைக்கு உங்கள் அக்கவுண்ட்ஸில் இரண்டு எண் கேளுங்கள்: அந்த ஆர்டருக்கு எவ்வளவு பேக்கிங் கிரெடிட் எடுத்தார்கள், வட்டி எத்தனை சதவீதம். அப்புறம் அந்த 68 நாளில் டையிங்குக்குக் காத்துக் கிடந்தது எத்தனை நாள் என்று உங்கள் சார்ட்டிலேயே இருக்கும் பாருங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் வட்டி போட்டு, ஒரு பீஸுக்கு எத்தனை பைசா வருகிறது என்று வகுத்துவிட்டு இங்கே எழுதுங்கள். ஞாயிறு காலை நாங்கள் இரண்டு பேரும் மாடியில்தான் இருப்போம், சேர்ந்து பார்க்கிறோம்.